இரண்டாவது குலுக்கல்

கிழக்கேகோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோடு என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரையில் அப்போது எங்கள் வீடு. ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு அறைகளில் ஒன்று. அம்மா பழவங்காடி பிள்ளையார் கோயில் முன்னால் சிதறுகாய் விற்றாள். பக்கத்து அறை அக்கா நாகர்கோவில் பக்கத்துக்காரி, ஓட்டலில் மாவாட்டுகிறவள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடந்தார். மழையில் தோடு பெருகி உள்ளே ஏறும்போதெல்லாம் அவரைக் கட்டிலோடு தூக்கி, கட்டில் கால்களுக்கடியில் செங்கல் அடுக்குவோம். அம்மாவும் நானும் ஒரு பக்கம், அக்காவும் அவள் மகளும் மறுபக்கம்.

தொண்ணூறுகளின் கடைசியில், கரையில் இருந்தவர்களுக்காக ஊருக்கு வெளியே வீடுகள் கட்டினார்கள். வீடுகள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். நாங்களும் அக்காவும்கூடக் கேட்டிருந்தோம். சீட்டுக் குலுக்கினால் சண்டை வருமென்று கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவானது. அந்த வேலை நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனிக்கு வந்தது. எண்களையும் பெயர்களையும் ஏற்றியவள் நான். புரோகிராம் எழுதியவர் கோட்டைக்குள் அக்கிரகாரத்து இளைஞர், எனக்கு சீனியர்.

முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். திரையில் முதலில் அக்காவின் எண். அடுத்து பஸ் நிலையத்தில் சுண்டல் விற்பவர், அதற்கடுத்து ஒரு வாட்ச்மேன் குடும்பம். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒத்திகைதானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மண்டபத்தில் அதிகாரி விசையைத் தட்டினார். அக்காவின் எண். நான்தான் முதலில் கைதட்டினேன். அடுத்து சுண்டல்காரர். அதற்கடுத்து வாட்ச்மேன். கை தானாக நின்றுவிட்டது.

சீனியரிடம் ஓடினேன். "சார், நேத்து வந்த அதே வரிசை."

அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ, ஸீட் குடுக்க மறந்துட்டேனே."

அவர் புரோகிராம் எழுதிய சி மொழியோடு கூடவே வரும் சாமான்களில் ராண்ட் என்று ஒன்று உண்டு. கூப்பிட்டால் தாறுமாறாக ஒவ்வோர் எண்ணாகத் தரும். ஆனால் அது உள்ளே செய்வது வெறும் பெருக்கலும் கூட்டலும். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததைக் கணக்குப் போட்டு எடுக்கிறது. தொடங்கும் எண்ணுக்குத்தான் ஸீட் என்று பெயர். அதை நாம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையைத்தான் தரும். ஆயிரம் தடவை ஓட்டினாலும் அக்காதான் முதலில் வருவாள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. நேராக அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி நடக்கும் என்று அறிவித்தார்கள். அதற்குள் அக்கா வீட்டுக்கு ஓடிப்போய், வீடு கிடைத்துவிட்டதென்று சொல்லிவிட்டாள். நான் போனபோது அவள் புருஷன் கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். "கட்டில ஜன்னல் பக்கம் போடணும், கேட்டியா? ரோட்டப் பாத்துட்டுக் கெடப்பேன்."

அந்தக் குலுக்கல் செல்லாது என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

இரண்டாவது குலுக்கலில் ஸீட்டைக் கடிகாரத்திலிருந்து எடுத்தோம். விசையைத் தட்டும் விநாடி எதுவோ, அதிலிருந்து வரிசை பிறக்கும். அதிகாரி விரலை நீட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு தட்டினார். மூன்றாவதாக எங்கள் எண் வந்தது. அக்காவின் எண் கடைசி வரை வரவில்லை. அவர் துடைக்காமல் தட்டியிருந்தால் யார் யார் வந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி பல வருஷம் என்னைத் தூங்கவிடவில்லை.

"இவளே டைப் அடிச்சா, இவளே தப்புன்னு சொன்னா, இவளுக்கே வீடு," என்றார் சுண்டல்காரர். அதற்கு மேல் கரையில் யாரும் எங்களோடு பேசவில்லை. சீனியர் அங்கே வந்து எல்லோரையும் கூட்டி விளக்கினார். ஒரு கிழவி கேட்டாள்: "அன்னைக்கும் இந்தக் கம்ப்யூட்டர்தானே சொல்லிச்சு?"

திரும்பும் வழியில் அவரிடம் கேட்டேன். "ரெண்டாவது நேர்மையா நடந்ததுன்னு காட்ட முடியாதா சார்?"

"மொதல் தடவை தப்புன்னு காட்ட முடிஞ்சுது. இது சரின்னு எதை வச்சுக் காட்டறது?" என்றார். "எனக்கும் தெரியலை."

எங்கள் வீட்டை அக்காவுக்குக் கொடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா, "குடுக்கலாம்னா குடு," என்றாள். அதிகாரியிடம் போனேன். நீங்கள் வேண்டாமென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும், அது அந்த அக்கா இல்லை, என்றார். மண்டபத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். எதை நினைத்து என்று சொல்லத் தெரியவில்லை.

வெயில் காலத்தில் புது வீட்டுக்குக் குடிபோனோம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை அந்த வருஷம் முரட்டுத்தனமாகப் பெய்தது. தோடு ஏறிய அன்று அக்காவும் மகளும் மட்டுமாகக் கட்டிலைத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை. அவர் நெடுநேரம் ஈரத்தில் கிடந்தார். படுக்கைப் புண்ணில் அழுகல் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அக்கா ஊருக்குத் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு குத்துப்போணிப் பாத்திரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் ஒண்ணும் செய்யல."

"தெரியும் மக்ளே. நீ களவு செய்யக்கூடிய பிள்ளை இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. "அந்தக் கணக்கெல்லாம் எனக்கு மனசிலாவாது. மொதல்ல ஒரு வீடு தந்தாவ, பொறவு எடுத்தாவ. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"போயிட்டு வாரேன்னு சொல்லல," என்றாள். "போறேன்."

பஸ் நகர்ந்தது. அவள் மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். நான் கையசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.