தடித்த எழுத்தில் விடுபட்ட பெயர்

நான் வரைந்த எழுத்து குண்டு. குண்டு மட்டுமல்ல, நல்ல அகலம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கணினி முன் உட்கார்ந்து பேனர் செய்வது என் பிழைப்பு. ஒல்லி எழுத்துகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவை கல்யாணப் பத்திரிகைக்குத்தான் லாயக்கு. தெருவில் தொங்குகிற எழுத்து, வண்டியில் போகிறவன் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

தமிழில் அது சுலபமில்லை. 'ண'வுக்கு மூன்று சுழி. கோட்டைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். தூரத்தில் பார்த்தால் மை கொட்டியது போல இருக்கும். அதனால் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தேன். இழுக்க வேண்டியது கோட்டை அல்ல, உள்ளே இருக்கும் வெள்ளையை என்று புரிந்துகொள்ள ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. 'ஞ'வின் காலைக் குட்டையாக்கினேன். புள்ளியைக் கோலிக்குண்டு அளவுக்குப் பெருக்கினேன்.

வாடிக்கையாளர்கள் சொக்கிப் போனார்கள். வார்டு தலைவர் பிறந்தநாள், காதுகுத்து, பிரியாணிக் கடைத் திறப்பு, அம்மன் திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் அதே எழுத்துதான். "குரு, அந்த குண்டு லெட்டர்லயே போடு. சும்மா கும்முனு இருக்கணும்" என்பார்கள். ஒரே தொல்லை, அகல எழுத்து இடத்தைத் தின்னும். இந்த ஊர்ச் சட்டப்படி மேல்பாதி கன்னடத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டாலே பேனர் நிறைந்துவிடும். கீழே வரும் பெயர்களில் சிலவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். யாரை வெட்டுவது என்று நான்தான் முடிவு செய்வேன். சித்தப்பாக்களும் மாமாக்களும் கடைக்கே வந்து கெஞ்சுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஜீவனஹள்ளியில் பிணத்தை எடுப்பதற்குள் தெருமுனையில் பேனர் கட்டியாக வேண்டும். அதில் பெயர் இருப்பவர்தான் வீட்டு ஆள். சண்டை போட்டுப் பிரிந்த சொந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். பெயர் இருந்தால் உள்ளே போவார்கள். இல்லாவிட்டால் கொண்டுவந்த மாலையைக் கம்பத்திலேயே மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

என் தங்கை தான் விரும்பியவனைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு லிங்கராஜபுரத்துக்குப் போய்விட்டாள். இனி வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவன் நான். அப்பாவின் மானம் போய்விட்டது என்று தெருவே கேட்கக் கத்தினேன். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு இங்கே வாட்ச்மேன் ஆனவர். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அப்பா செத்த அன்று காலையில் அவள் எனக்குப் போன் செய்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

"அண்ணா, பேனர்ல என் பேரையும் போடு. பேரு இருந்தா உள்ள வரலாம்னு எடுத்துக்கறேன். இல்லன்னா வரல. சாவு வூட்ல வந்து சண்ட போட மாட்டேன்."

"பாக்கலாம்" என்றேன்.

கணினியில் வேறொரு ஒல்லி எழுத்தை எடுத்திருந்தால் இருபது பெயர் உட்கார்ந்திருக்கும். ஒரு கிளிக் போதும். நான் 'கண்ணீர் அஞ்சலி'யை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன். அப்பாவை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத வார்டு தலைவருக்கு இடம் இருந்தது. என் பொண்டாட்டியின் தம்பிக்கும் இருந்தது.

மத்தியானம் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் சாமந்தி மாலை. நான் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை, பேனரைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள், உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தாள்.

"எடம் பத்தலம்மா, லெட்டரு அகலம்" என்றேன்.

"ஒரு ஓரத்துல சின்னதா போட்டிருக்கலாமேண்ணா."

"இந்த லெட்டர்ல சின்னது எடுபடாது."

வீடு அங்கிருந்து நாற்பது அடி. மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாலையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? உள்ளே போனதும் அம்மா கேட்டாள், "அவ வரலியா?" கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றுவிட்டாள் என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

கருமாதி அன்று காலையில் தெருமுனைக்குப் போனேன். அதே கம்பத்தில் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் தொங்கியது. வேறு ஏதோ கடையில் போட்டது. நோஞ்சான் எழுத்து, நெருக்கமும் சரியில்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன், தொழில் புத்தி. 'அப்பா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. மேலே படம். தெரியாத வீடு. அப்பா பனியனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் பாதி சாப்பிட்ட தட்டு, தோளில் தங்கை ஜாடையில் ஒரு குழந்தை. வாய்விட்டுச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். திரும்பினால் பின்னால் அம்மா நின்றாள்.

"அறுத்துட்டியா?" என்றாள். அழவில்லை. "ஞாயித்துக்கெழமையானா கோலார்க்காரங்க மீட்டிங்னு சொல்லிட்டு அவ வூட்டுக்குத்தான் போவாரு. அங்கயே துன்னுட்டு வருவாரு. நானும் போவேன். உன் பொண்டாட்டிக்குத் தெரியும், உன் புள்ளைங்களுக்குத் தெரியும். உங்கிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னாரு. ஆஸ்பத்திரில கடைசியா அவரு பேசனதும் அதான்."