டாக்டருக்கு வசூல்

எழுபதுகளின் கடைசியில் நான் மலாய் நாட்டில் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் நானே. என்னைத் தேர்ந்தெடுத்தது பக்திக்காக அல்ல, கையெழுத்துக்காக.

அப்போது தானா ராத்தா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இளம் தமிழ் டாக்டர் ஒருவர் மாற்றலாகி வந்திருந்தார். அதுவரை எங்கள் பெண்கள் தங்கள் நோயை ஓர் அட்டெண்டன் மூலமாகத்தான் தமிழ் தெரியாத டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆணின் முன்னால் சொல்லக் கூசி, என்ன நோயானாலும் வயிற்றுவலி என்றே சொல்லி வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் வயிற்றைத் தவிர வேறு எந்த உறுப்பும் பழுதானதில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் நினைத்திருப்பார்கள். புது டாக்டர் அட்டெண்டனை வெளியே அனுப்பிவிட்டு, நர்சை மட்டும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தமிழில் மெதுவாகக் கேட்பார். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு மற்ற உறுப்புகளும் வந்தன.

இப்படிப்பட்டவரைச் சும்மா விடலாமா? திருவிழாவின் கடைசி நாள் உபயத்தை அவருக்குக் கொடுத்தோம். அன்றைய மாலை, மேளம், ஊர்ச்சாப்பாடு எல்லாம் அவர் செலவு. பதிலுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவோம், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வோம். இரண்டு வருடம் மறுபேச்சில்லாமல் செய்தார்.

மூன்றாம் வருடமும் கமிட்டித் தலைவரும் நானும் தாம்பூலத் தட்டோடு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். தலைவர் பழைய கங்காணி. எதையும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். டாக்டர் காப்பி கொடுத்தார். தட்டைத் தொடவில்லை.

“இந்த வருசம் வேற யாரையாச்சும் பாருங்களேன், தலைவரே.”

“வேற யாரு இருக்கா? தொரையவா கேக்கறது?”

“கையில காசு இல்ல.”

தலைவர் என் தொடையில் அடித்துச் சிரித்தார். “பாத்தீங்களா வாத்தியாரே, டாக்டரய்யா ஜோக் அடிக்கிறாரு லா!”

டாக்டர் சிரிக்காமல் வீட்டு நிலவரம் சொன்னார். அவர் அப்பா கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இரண்டு தம்பிகள் இவர் சம்பளத்தில் படிக்கிறார்கள். போன வருடத்து உபயத்துக்கு வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. பிறகு தன் சம்பளத்தைச் சொன்னார். வாயில் இருந்த காப்பியை விழுங்க மறந்தேன். மாதக் கடைசியில் நான் அவரிடம் இருபது வெள்ளி கைமாற்று வாங்குவது வழக்கம். எனக்குக் கைமாற்று கொடுக்கக்கூடிய சம்பளம் அல்ல அது.

“ராத்திரியில எழுப்பிக்கிட்டுப் போறாங்களே, அதுக்குத் தனியா இல்லீங்களா?” என்றேன்.

“உண்டே. ஆஸ்பத்திரியில தேத்தண்ணி குடுப்பாங்க.” எங்கள் தம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டே, “கூடப் படிச்சவன் ஈப்போவுல கிளினிக் போட்டிருக்கான். வந்துடுன்றான்,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தலைவர் வழியெல்லாம் தட்டை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியில், “அப்ப எதுக்கு அவ்ளோ படிச்சாரு?” என்றார். நானும் படித்தவன்தான். வெளியே பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே செய்தி கொழுந்து பறிக்கும் மலை முழுவதும் பரவிவிட்டது. மத்தியானம் கொழுந்துக்காரப் பெண்களில் மூத்தவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். முதுகில் கூடை.

“கவர்மெண்டு குடுக்காட்டிப் போவுது, வாத்தியாரே. உபயச் செலவ நாங்க வசூல் பண்றோம், பேரு அவரு பேரு. அவரு ஈப்போ போயிட்டா எங்களுக்கு மறுபடியும் வயித்துவலிதான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அக்கா, அவரு சம்பளம் உங்களுதவிடப் பல மடங்கு!”

“இருக்கட்டுமே. காசில்லாம இருக்க எங்களுக்குப் பழக்கம். அவருக்குப் பழக்கமில்லியே, பாவம்.”

தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக வசூலானது. டாக்டரிடம், “செலவைக் கமிட்டி பார்த்துக்கொண்டது, நீங்கள் வந்தால் போதும்” என்றோம். வேட்டி கட்டி வந்தார். பூசாரி பரிவட்டம் கட்டினார்.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. ஒரு வெள்ளி கொடுத்தாலும் ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டி தின்றுவிட்டது என்பார்கள். மைக்காரர் முறை தவறாதவர்.

“இன்றைய உபயம் நமது டாக்டர் ஐயா! டாக்டர் ஐயாவுக்குச் சம்பளம் பத்தாத காரணத்தால் உதவியோர்: மேல் லயத்துப் பெண்கள், கீழ் லயத்துப் பெண்கள், பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகை ஆயாமார்கள்…”

மலை அதை எதிரொலித்தது. மைக்காரர் ஓரிடத்திலும் தடுமாறாமல் படித்தார். என் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

டாக்டர் கூப்பிய கையை இறக்கவில்லை. பரிவட்டத்துக்குக் கீழே முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. எதிரே பெண்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த மாதமே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். அவரை நிறுத்திவைக்கத்தான் வசூல் செய்தோம்.

“நன்றி கெட்ட மனுசன்,” என்றார் தலைவர். சில மாதம் கழித்து அந்தக் கொழுந்துக்கார மூத்தவர் ஏதோ உபாதையோடு பஸ் ஏறி, அந்தக் கிளினிக்கைத் தேடிப் போய்வந்தார்.

“உங்ககிட்ட காசு வாங்கியிருக்க மாட்டாரே?” என்றேன்.

“வாங்கினாரே, முழுசா!”

“எப்படிக்கா மனசு வந்துச்சு அவருக்கு?”

“அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் மேசையில வெச்சேன். எடுத்துக்குங்கய்யா, மறுபடியும் எங்கள வசூல் பண்ண வெச்சிராதீங்கன்னேன்.”

அந்த வருடக் கடைசியில் எனக்கு மூலம் வந்தது. ஈப்போ டாக்டருக்குக் கொடுக்க என்னிடம் காசில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என் மலாயோ பள்ளிக்கூட மலாய், மூலத்துக்கு அதில் வார்த்தை இல்லை. அட்டெண்டனைக் கூப்பிட்டார்கள். அவரோடு தெரிந்தவர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வயிற்றுவலி என்றேன்.