துண்டு கேட்ட பூதம்

எழுபதுகளில், பீர்மேட்டுப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில், மாயாஜாலப் படங்களைக் கிண்டலடித்து நான் ஒரு நாடகம் போட்டேன். இளவரசியை அடைத்துவைத்த குகையைக் காக்கும் பூதமாக ஃபாக்டரி வாட்ச்மேனைப் பிடித்தேன். ஆறடி உயரம், முறுக்கு மீசை. ஆனால் யாரைக் கண்டாலும் "துண்டு எங்க?" என்று கை நீட்டுவார். எஸ்டேட் துரை கையெழுத்திட்ட அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் அவரைத் தாண்டி கேட்டுக்குள் போக முடியாது.

இளவரசன் வாளை உருவியதும் பூதம் பயந்து ஓட வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. மேடையில் அவர் கை நீட்டினார்.

"துண்டு எங்க?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்தேன். "ஓடுங்கண்ணே!"

"காவக்காரன் ஓடலாமா தம்பி?"

வேறு வழியின்றி வசனத்தாளைக் கிழித்து, 'இளவரசரை உள்ளே விடவும்' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொர கையெழுத்து இல்லியே."

பொறுமையிழந்த இளவரசி தானே குகையிலிருந்து வெளியே வந்தாள். அவளையும் மறித்தார்.

"நில்லு. மடியில தேயிலத்தூள் இருக்கா?"

திரையை இறக்கச் சொல்லிவிட்டேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்பாக அவரே முந்திக்கொண்டார்.

"ஒரு ஈ காக்கா உள்ள போகல, பாத்தீங்கல்ல தம்பி?"

அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைத் திட்ட?