சஹனில் என் பக்கம்

கண்டியை அடுத்த திகனவில் என் நண்பன் ரிஸ்வானின் மகளுக்குக் கல்யாணம். பாயில் உட்கார்ந்ததும் சஹன் என்கிற பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். நெய்ச்சோற்று ஆவி முகத்தில் அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது நான் திருச்சியிலிருந்து வந்து கண்டியில் ரிஸ்வானோடு படித்த காலம். டிசம்பர் விடுமுறைக்கு விடுதியை மூடிவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்க வக்கில்லாத என்னை ரிஸ்வான் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். முதல் நாள் மதியம் என் முன்னால் ஒரு பெரிய தட்டை வைத்தார்கள். குன்றுபோல் சோறு, மேலே முழுக்கோழி. அத்தனையும் எனக்கே என்று நினைத்துப் பதறிப்போய், "ஐயோ, இவ்வளவு என்னால முடியாதுங்க!" என்றேன்.

ரிஸ்வானின் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்களுக்கும் கொஞ்சம் தாங்க மகன்" என்று எதிரே உட்கார்ந்தார். ரிஸ்வானும் தம்பிமாரும் அந்த ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்தார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட்டோம். ஆனால் என் பக்கத்தில் மட்டும் கோழி குறையவே இல்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். வாப்பா ஊர்க்கதை பேசிக்கொண்டே தன் பக்கத்துத் துண்டுகளை விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

இன்று அவர் என் அருகில் இருந்தார். பார்வை மங்கிவிட்டது. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு, நல்ல துண்டாகப் பார்த்துச் சத்தமில்லாமல் அவர் பக்கம் தள்ளினேன். அவர் விரல்கள் அதைத் தடவிப் பார்த்து அப்படியே நின்றன. பிறகு அதை என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, அச்சு அசலாக என் பழைய திருச்சிக் குரலில் சொன்னார்:

"ஐயோ, இவ்வளவு என்னால முடியாதுங்க!"