காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

எங்கள் வேனுக்கு ஒரு கெட்ட குணம் வந்தது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். எங்கள் வைத்திக்குப்பத்துச் சந்து தாண்டி மெயின் ரோடு ஏறும் வரைக்கும் அடிக்கும். நெல்லித்தோப்பு மெக்கானிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் மூச்சு விடாது. மாமியார் வீட்டில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிற மாப்பிள்ளை மாதிரி.

அது பழைய பெட்ரோல் வேன். முன்சீட்டைத் தூக்கினால் அடியிலேயே என்ஜின் இருக்கும். மெக்கானிக் சீட்டைத் தூக்கினார், என்ஜினை இரையவிட்டுக் கேட்டார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு. சத்தம் உங்க காதுலதான் கேக்குது."

டீ குடித்துக்கொண்டு நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! என் காது என்ன சாதாரணக் காதா? கடற்கரையில் மீன் ஏலத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, யார் என்ன கேட்டார்கள் என்று பிரித்து எடுக்கிற காது. அந்தக் காதைப் போய்ச் சொல்கிறார். "நாளைக்குக் காலைல வீட்டுக்கு வந்து கேளுங்க," என்றேன். "ஒரு சத்தத்துக்காக வீட்டுக்கெல்லாம் வர முடியாதுக்கா. அப்படி அடிக்குதுன்னா என்ஜின் போச்சுன்னு அர்த்தம். வயசான வண்டி, வந்த விலைக்குத் தள்ளி விட்டுடுங்க," என்றார். ஒரே மூச்சில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார், போச்சு என்றும் சொன்னார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் இந்தச் செய்தி என் கணவரின் அண்ணனுக்குப் போய்விட்டது. என் மச்சாண்டார் குப்பத்தில் நாலு பேர் மதிக்கிற மனிதர். மத்தியானம் வாசலில் வந்து உட்கார்ந்து, வலை பின்னிக்கொண்டிருந்த தம்பியிடம் பேசினார். நான் உள்ளே குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் அத்தனை உரக்கப் பேசினார்.

"ஞாயித்துக்கெழம காலைல புரோக்கர் வரான். வண்டி உன் பொண்டாட்டி பேர்ல இருக்கு, கையெழுத்துப் போடச் சொல்லு. என்ஜின் போன வண்டிய வச்சிக்கினு நடுரோட்ல நின்னா யாருக்குடா அசிங்கம்? அவ வூட்ல குந்திக்கினு கருவாடு காயவைக்கட்டும்."

"சரிண்ணா," என்றார் என் கணவர். கடலில் எந்த அலைக்கும் அசையாத மனிதர், அண்ணன் முன்னால் மட்டும் சரிண்ணாதான்.

அந்த வேன் எனக்கு என்னவென்று இவர்களுக்கெல்லாம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும். வண்டி வாங்குவதற்கு முன்பு ஆறு வருடம் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். கூடையைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகிற பஸ் உண்டு. ஏறின பிறகு இறக்கிவிட்ட கண்டக்டர் உண்டு. "நாத்தம் தாங்கல, எறங்கும்மா" என்பார்கள், அதே வாய் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு தின்னும். ஒருநாள் ஐஸ் கரைந்து தண்ணீர் ஒழுகியதென்று, உழவர்கரைக்கு மீன் விற்கப் போகிற பாதி வழியில், வெயிலில் இறக்கிவிட்டார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பாதி மீன் கெட்டுப்போனது. அன்றைக்கு அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது! அதற்குப் பிறகுதான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். பி.காம். படித்தபோதுகூட அப்படி விழுந்து விழுந்து படித்ததில்லை.

வேன் போனால் மறுபடி பஸ், மறுபடி கெஞ்சல். இல்லையென்றால் வீட்டுக்குள் கருவாடு. இரண்டும் எனக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் முன்சீட்டைத் தூக்கி மடக்கினேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதே கிடையாது. விற்கிறவன் "இப்பதான் புடிச்சது" என்று சத்தியமே செய்தாலும் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், என்ஜின் போச்சு என்று எவனோ சொன்னதற்காகப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவேனா?

கணவரைச் சாவி திருப்பச் சொன்னேன். டக் டக் டக். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் வடிக்கிற ரப்பர் டியூப் ஒன்று இருந்தது. ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை என்ஜின் மேல் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனேன். மேலே வைத்தால் உர்ரென்று ஒரு இரைச்சல். பெல்ட்டுப் பக்கம் வைத்தால் வெறும் காற்று. அதற்குள் என்ஜின் சூடேறிச் சத்தம் நின்றுவிட்டது. அன்றைய வைத்தியம் அவ்வளவுதான், இனி மறுநாள்தான் கேட்கும்.

"விட்டுடும்மா. அண்ணன் சொன்னா சொன்னதுதான்," என்றார் அவர்.

"நாளைக்கும் சாவி திருப்புங்க. அது போதும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை டியூப்பைக் கீழே இறக்கினேன். என்ஜினிலிருந்து சைலன்சர் பைப் புறப்படுகிற இடத்தில் வைத்ததும் காதில் அறைந்த மாதிரி கேட்டது. டியூப்பை வீசிவிட்டு அந்த இடத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு புஸ், விரலில் சூடாகக் காற்று அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. நாலு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. நாலாவது துருப்பிடித்து உதிர்ந்தே போயிருந்தது. என்ஜினுக்குள் ஒன்றுமில்லை. வெளியே இடுக்கு வழியாகப் புகை அடிக்கிற சத்தம் அது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுவிடும், சத்தமும் நின்றுவிடும். அதனால்தான் நெல்லித்தோப்பில் வாயை மூடிக்கொண்டது.

நட்டு ஏன் துருப்பிடித்தது? அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. ஐஸ் பெட்டியை என் சீட்டுக்கு நேர் பின்னால் வைத்தது நான்தான். பிரேக் போடும்போதெல்லாம் மீன் தண்ணீர் முன்னால் ஓடி வந்து, தரையில் விரித்த ரப்பர் விரிப்புக்கு அடியில் இறங்கி, நேராக அந்த நட்டின் மேல் சொட்டியிருக்கிறது. உப்பும் ஐஸும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும் என்று கடற்கரையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் வைத்தேன். தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போய், "சைலன்சர் இடுக்கை அடைக்கிற பேக்கிங் ஒண்ணு, நாலு நட்டு. பழசை எல்லாம் கழட்டிட்டுப் புதுசு போடுங்க," என்றேன். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருக்கா பாத்தது?"

"என் காதுதான்."

அவர் ஸ்பேனரை எடுத்தார். வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

ஞாயிறு காலை புரோக்கர் வந்தார். மச்சாண்டாரும் கூடவே வந்தார், கையில் பேப்பரோடு. வண்டி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நின்ற வண்டி, ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். டக் சத்தம் இல்லாமல் சீராக ஓடியது. புரோக்கர் காதைச் சாய்த்துக் கேட்டார், சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ஜின் சுத்தமா இருக்குண்ணே. யாரு போச்சுன்னு சொன்னது?"

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இனி விற்க என்ன காரணம் இருக்கிறது? மச்சாண்டார் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. கையெழுத்துப் போடச் சொல்லுடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு உறுத்தியது என்ஜின் இல்லை. அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுகிற நான். இரண்டு நாளாகத் தப்பான இடத்தில் டியூப்பை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடுகளில் மச்சாண்டாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எது சொல்வதானாலும் கணவரிடம் சொல்வேன், அவர் சொல்வார். அன்றைக்கும் கணவர் என்னைத்தான் பார்த்தார். அவர் வாய் 'சரிண்ணா'வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிப் போய் மச்சாண்டார் எதிரில் நின்றேன்.

"மாட்டேன் மாமா."

சந்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவர் முகம் கறுத்துப்போனது. என்னிடம் பேசுவதா, தம்பியிடம் பேசுவதா என்று தெரியாமல் ஒரு நிமிடம் திணறினார். கடைசியில் என்னிடமே பேசினார்.

"வண்டி சத்தம் நின்னுதுன்னு பாத்தா, உன் சத்தம் ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆமா மாமா. இது சூடானாலும் நிக்காது."

பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் வண்டியில் ஏறினேன். கணவர் கொஞ்ச நேரம் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக நடந்து வந்து, பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.