மூன்று பொய்யும் ஒரு ஹைஸ்கூலும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லம்பள்ளிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். எனக்கு வயது இருபத்து மூன்று. முன்கோபம் மட்டும் வயசுக்கு மீறியது. அந்த வருஷம் மூன்று பெண்கள் எட்டாவது பாஸ் செய்தார்கள். அதுவரை எங்கள் பள்ளியிலிருந்து எந்தப் பெண்ணும் ஹைஸ்கூலில் சேர்ந்ததில்லை. மூன்று பேரும் பாஸ் என்று தெரிந்ததும் வகுப்பிலேயே கைதட்டிக் குதித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

எந்தப் பள்ளி என்பதில் அந்தப் பெண்களுக்குச் சந்தேகமே இல்லை. பரீட்சைக்கு முந்தின மாதமே நான் அவர்களைப் பஸ் ஏற்றி, தர்மபுரியில் இருந்த பெண்கள் ஹைஸ்கூலைக் காட்டிவிட்டு வந்திருந்தேன். அங்கே ஆய்வுக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணாடிக் குழாயில் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் மாதிரி இருந்த திரவம் பளிச்சென்று ரோஸ் நிறமாகிவிட்டது. மூவரும் "ஐயோ!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், டீச்சர் என்பது எனக்கு மறந்தே போயிற்று. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

சிக்கல் வீடுகளில் இருந்தது. மூவரும் மூன்று வேறு பட்டிகளைச் சேர்ந்தவர்கள். துணை இருந்தால்தான் பெண்ணைப் பஸ்ஸில் அனுப்புவார்கள். சரி, துணைக்குத்தான் மூன்று பேர் இருக்கிறார்களே என்று நான் நினைத்தேன். ஆனால் முதலில் சரி என்று சொல்லும் வீட்டின் மேல்தான் ஊர்ப்பேச்சு முழுக்க விழும். "வயசுப் புள்ளைய மொதல்ல பஸ் ஏத்துனவன்" என்ற பெயரை வாங்க எந்த அப்பாவும் தயாராக இல்லை.

முதல் வீடு, நிலக்கடலை பயிரிடும் கத்தோலிக்கக் குடும்பம். "மத்த ரெண்டு வூட்டுலயும் அனுப்பட்டுமுங்க டீச்சர், அப்புறம் பாக்கலாமுங்க" என்றார் அந்த அப்பா. இரண்டாவது, தெலுங்கு பேசும் குடும்பம். அங்கேயும் அதே பதில். மூன்றாவது வீட்டுக்காரர் ரோடு வேலைக்கு ஜல்லி உடைப்பவர். அவர் மகள்தான் வகுப்பில் முதல். படிப்பு நின்றால் ஆவணியில் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு. அவரும், "பாக்கலாமுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாளே மூன்று வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். மூன்று இடத்திலும் ஒரே வசனம்: "மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. நீங்கதான் பாக்கி." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் சொன்னது மூன்றே பொய், அதுவும் ஒரு கல்யாணத்தை நிறுத்த.

சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நாளில் சந்தை. மூன்று அப்பாக்களும் அங்கே நேருக்கு நேர் பார்த்துக்கொள்வார்கள். சந்தை நாள் முழுக்கப் பள்ளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு யாரும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஹைஸ்கூலில் சேர்க்கும் நாள் காலையில் டி.சி.க்களை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனேன். கடலைக்காரர் மகளோடு நின்றிருந்தார். சற்று நேரத்தில் தெலுங்குக்காரரும் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கடைசியாக, லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக, ஜல்லிக்காரரும் மகளும் வந்தார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பெண்கள் எனக்கும் சேர்த்துக் கத்திவிட்டார்கள்.

"இவரே மொதல்ல சரின்னுட்டாரு, அப்புறம் எங்களுக்கென்னங்க?" என்று ஜல்லிக்காரரைக் காட்டிச் சொன்னார் கடலைக்காரர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாக ஜல்லிக்காரர் பக்கம் போய், "என்னங்க இது?" என்று கேட்டேன்.

"சந்தையில இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க டீச்சர். நான் சரின்னு சொல்லலையே, நானும் சொல்லலையேன்னு ஆயிப்போச்சு. டீச்சர் புளுகிட்டாங்கன்னு உங்க பள்ளிக்கூடத்துக்கே கெளம்பிட்டாங்க. நாந்தான் நிறுத்தி, டீச்சர் சொன்னது முழுக்கப் புளுகு இல்ல, நான் மொதல்லயே சரின்னுட்டேன்னு சொன்னேனுங்க."

"உங்களுக்கு என் மேல கோபம் வரலையா?"

"வந்துச்சுங்க. ஆனா எம்மவ மூணு நாளா ரெட்டைச் சடை பின்னி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வூட்டுக்குள்ளயே நடந்து நடந்து பாத்துக்கிட்டிருந்தா. பேசறவங்க என்னைப் பேசட்டுமுங்க."

"அவ மாமா?"

"மச்சான் எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டாருங்க" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. பொய் சொல்லிவிட்டு வந்தது நான். ஊர்ப்பேச்சைத் தலையில் வாங்கிக்கொண்டது அவர். ஏதாவது சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அது நிற்கும் முன்பே மூன்று பெண்களும் முண்டியடித்து ஏறினார்கள். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் கேட்கும்படி ஜல்லிக்காரர் சொன்னார்: "தர்மபுரிங்க. எம்மவள ஹைஸ்கூல்ல சேக்கப் போறேனுங்க."