ஏறியது முள் மட்டும்

பெக்கான் நானாஸில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் தொழிற்சாலை வேன் வராது. பெரிய சாலை வரை சைக்கிளில்தான் போவேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கணவர் அங்கிருந்து கொண்டுவந்த பழைய சைக்கிள் அது. அதற்காக, நின்றுகொண்டே அடிக்கும் பம்ப் ஒன்றை, காற்றழுத்தம் காட்டும் முள் இருக்கிறதே என்று நம்பி வாங்கினேன்.

அன்று காலை பின் டயர் தொய்ந்திருந்தது. பம்பை மாட்டி அடித்தேன். முள் சட்டென்று ஏறியது. போதும் என்று கிளம்பிவிட்டேன். டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாதி வழியில் குழியில் இறங்கியதும் டியூப் கிழிந்தது. கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“வால்வு நுனியில இருக்கிற நட்ட லூஸ் பண்ணிட்டுத்தானே அடிச்ச?”

“எந்த நட்டுங்க?”

“அலமாக்! அது மூடியிருந்தா காத்து உள்ள போகாதுலா. முள்ளு மட்டும்தான் ஏறும்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வேன் போய்விட்டது. வேலைக்குப் புதியவள் நான்; ஏற்கெனவே தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருந்தேன். “இனிமே வர வேணாம்” என்று சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

டியூபை மாற்றியாயிற்று. இப்போதெல்லாம் நட்டைத் தளர்த்திக் காற்றடித்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். கல் மாதிரி இருக்கிறது. காலையில் அதில் ஏறிப் போகத்தான் எனக்கு ஒரு வேலை இல்லை.